கண்டுபிடித்தால் சொல்லாதீர்கள்

அத்தியாயம் 3

தன் குரலைத் தானே கேட்பது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எழில்மொழிக்கு அதுவரை தெரியாது.

"சார்... நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க கார்டு எங்கம்மா பர்ஸ்ல கீது, அதுல நம்பர் பாத்தேன். யசோதரா அக்காவ நீங்க தேடறீங்களாமே? தேடுங்க சார். ஆனா கண்டுபுட்சா அந்தக் கோதண்டம் சார்கிட்ட சொல்லாதீங்க. மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. ப்ளீஸ் சார்... அம்மா பொரள்றாங்க, வெச்சிட்றேன்."

நேற்று ராத்திரி போர்வைக்குள் கிசுகிசுத்து அனுப்பியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில், மேசை மேல் கிடந்த போனிலிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஒலித்தது. கீழே கடைக்காரர் யாரிடமோ நைலான் கயிறு விலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா போடவா நைனா?" என்றாள் ஜஸீமா.

"வேணாம் ஜஸீ. அத ஆஃப் பண்ணு, பாப்பா உருகிப் பூட்டா மேசைய தொடைக்கணும்."

அந்த 'நைனா'தான் வேதமாணிக்கம். துறைமுகக் காவல் பிரிவில் முப்பது வருஷம் லாரிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு துப்பறிய வந்தவர். வேர்க்கடலை உரித்தபடியேதான் யோசிப்பார். தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஜஸீமா அவருடைய உதவியாள். பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. ஸ்கூட்டரும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"உக்காரு பாப்பா," என்றார் வேதமாணிக்கம். "ஒண்ண மொதல்லயே சொல்லிட்றேன். உனக்கு அப்ப இன்னா நடந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். அது உனக்கும் கோர்ட்டுக்கும். இந்தக் கொஞ்ச நாளா இன்னா நடக்குதோ அத மட்டும் சொல்லு."

எழில் நாற்காலியில் உட்கார்ந்தாள். போலீஸ் கேட்டது. டாக்டர் கேட்டார். அவள் வீடு இருந்த எர்ணாவூர் பிளாக்கில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கேட்டார்கள். கேட்க மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

சொன்னாள். திக்கித் திக்கித்தான் வந்தது.

யசோதரா அக்கா, அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் நலக் குழு நியமித்த துணை ஆள். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று எங்கே போனாலும் கூடவே வருவாள். திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு பழைய மாடி அறையில் ரெண்டு வருஷமாக எழிலைச் சந்தித்து வந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை எழில் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லிவிடுவாள். இல்லையென்றால் வாயே திறக்காது, அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் ஒரு மாசமாக அக்கா வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது.

"அப்புறம் வியாழக்கிழம கோதண்டம் சார் பழம் வாங்கினு வூட்டுக்கு வந்தாரு. அம்மாகிட்ட உங்க கார்ட குடுத்து, நீங்க அக்காவத் தேடறீங்கன்னாரு. விடிகரை அறக்கட்டளை செயலாளரு. கவுருமெண்டு பணத்துல எங்களுக்காக மையம் நடத்துறது அவங்கதான். அக்கா மையத்துல இருந்த பொம்ம, சாமான்லாம் திருடினு ஓடிப்போச்சாம். நான் அக்காகிட்ட சொன்னதெல்லாம் எதிராளி வக்கீலுக்கு வித்துட்டாங்களாம்."

"நீ நம்புறியா?"

எழில் கையைப் பிசைந்தாள். "தெரியல சார். புது மையம் ஒண்ணு கீதாம். ஏசி போட்டு, பொம்மயெல்லாம் வெச்சு. ஒரு வருஷமா மத்த பசங்கள அங்கதான் பாத்தாங்களாம். என்னை மட்டும் அந்த ஒடஞ்ச ரூம்ல வெச்சுப் பாத்தாங்களாம். ஏன் அக்கா என்கிட்ட மறைக்கணும்?"

"இன்னும் எதையோ முழுங்குற. உன் கண்ணே சொல்லுதே," என்றார் வேதமாணிக்கம்.

"நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. அடுத்த வருஷப் பணம் குடுக்கறதா வேணாமான்னு பாக்க. நான் வாராவாரம் அந்த மையத்துக்கு வர்றேன்னு சொல்லணுமாம். இன்னிக்கு பதினோரு மணிக்கு ஒத்திகைக்கு வரச் சொல்லிக்கீறாரு."

"ஒத்திகையா? பாட்டு, டான்ஸ் எதுனா உண்டா?" என்றாள் ஜஸீமா. எழில் சிரிக்கவில்லை. ஜஸீமாவும் உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "சரி, அக்கா பையில இன்னா வெச்சிருப்பாங்க? ஒரு பொம்பளயப் புரிஞ்சிக்கணும்னா அவ பையத் தெரிஞ்சிக்கணும்."

"தண்ணி பாட்டிலு. கலர் பென்சிலு. பொரி பாக்கெட்டு. ஒரு ஸ்க்ரூ டிரைவரு."

"ஸ்க்ரூ டிரைவரா? மூளைல எது லூசாகீதோ அத டைட் பண்றதுக்கா?"

"நான் கேட்டதில்லக்கா."

வேதமாணிக்கத்தின் கையில் இருந்த கடலை உடையாமல் நின்றது. "வூட்ல அம்மா எப்டி?"

அதைத்தான் எழில் கடைசிவரை சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தாள்.

"அம்மாவும் மாறிட்டாங்க சார். காத்திவாக்கத்துல எறா உரிக்கிற ஷெட்ல வேல. முன்ன அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. இப்ப இருட்டிதான் வர்றாங்க. ஞாயித்துக்கெழமயும் போறாங்க. நான் உள்ள வந்தா போன வெச்சிட்றாங்க. அன்னிக்கு அவங்க கூடைல டிபன் டப்பாவுக்கு அடியில ஏதோ துருப்புடிச்ச இரும்பு. இன்னாம்மான்னா வெடுக்குன்னு மூடிட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "எதிராளி ஆளுங்க எங்க பிளாக்குக்கு வந்துட்டுப் போனாங்க சார். அம்மா அவங்ககிட்ட பேசிட்டாங்களோன்னு..."

வேதமாணிக்கம் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். ஜஸீமாவுக்கும் அங்கே ஜோக் வரவில்லை.

"வா," என்று எழுந்தார் வேதமாணிக்கம். "ஒத்திகைக்கு நேரமாச்சு."

* * *

விடிகரை மையம் திருவொற்றியூரில் ஒரு புதுக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் யானை, முயல், வானவில். பெயிண்ட் வாசனை மூக்கைக் குத்தியது. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் பொம்மைகள் வரிசையாக நின்றன, பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல்.

"பொம்மைக்கு மூச்சு முட்டுது சார்," என்றாள் ஜஸீமா.

"நீட்டா இருக்கணும்ல? பிள்ளைங்க கை பட்டா அழுக்காயிடும்," என்றார் கோதண்டம். வெள்ளைச் சட்டை, ஜவ்வாது வாசனை, எப்போதும் அணையாத ஒரு புன்னகை. எழிலைப் பார்த்ததும் அந்தப் புன்னகை இன்னும் அகலமானது. "வாம்மா எழில்! சாரோட வந்தியா? நல்லதாப் போச்சு. யசோதராவைக் கண்டுபிடிக்க சாரை ஏற்பாடு பண்ணினதே நான்தான்."

நடு அறையில் மூன்று சிறுவர்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். எழில் அவர்களில் ஒருவரையும் எங்கும் பார்த்ததில்லை. அதில் குட்டையாக இருந்தவன் எழுந்தான்.

"அங்கிள், பிரியாணி எப்போ? டியூஷன் மிஸ் இங்க வந்தா பிரியாணின்னு சொன்னாங்க."

கோதண்டத்தின் புன்னகை ஒரு நொடி எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. "குழந்தைங்க விளையாட்டுக்குச் சொல்லுவாங்க."

"நேரா மேட்டருக்கு வந்துட்டான்," என்று ஜஸீமா எழிலின் காதில் முணுமுணுத்தாள். "இவன நம்ம ஆபீசுக்கு எடுத்துக்கணும்."

"இதுதான் சார் தனியா பேசுற அறை." கோதண்டம் ஒரு கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சோபா, இரண்டு நாற்காலி, ஏசி. எல்லோரும் நுழைந்ததும் கதவைச் சாத்தினார். "பிள்ளைங்க மனசு விட்டுப் பேசணும்னா பாதுகாப்பு முக்கியம் சார். வெளியிலேருந்து ஒரு ஈ, காக்கா வர முடியாது. பாருங்க."

பளபளவென்ற பித்தளைத் தாழ்ப்பாளை இழுத்து விட்டார்.

டக்.

எழிலுக்குக் காது அடைத்தது. கால்கள் தானாக ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டன. ஏன் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"புழுக்கமா கீது," என்று வேதமாணிக்கம் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை முழுசாகத் திறந்தார். "ஏசி ஓடியும் எனக்கு வேர்க்குது, வயசாய்ட்ச்சு." கதவின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். "நல்ல மரம். புதுசா?"

"தேக்கு சார். கட்டடம் கட்டினப்பவே போட்டது. ஒரு வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா, பாருங்க."

"யசோதரா இந்த ரூம்லதான் உக்காருவாங்களா?"

"தினமும். அதோ, அந்த நாற்காலி. இதே கதவு, இதே தாழ்ப்பாள். ஒண்ணையும் மாத்தல. எவ்வளவு வசதி பண்ணிக் கொடுத்தோம், இப்படித் துரோகம் பண்ணிட்டா." கோதண்டம் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலத்துக்குள்ள அவ இருக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சாகணும் சார். இல்லன்னா காலையில திருட்டுப் புகார் கொடுத்துடுவேன். செவ்வாய்க்கிழமை அவ கோர்ட்டுக்கு வர்றதெல்லாம் நடக்காது." பிறகு எழிலின் தலையைத் தடவக் கை நீட்டினார். அவள் நகர்ந்துகொண்டாள். "பயப்படாதே. உனக்குத் துணையா வேற அம்மா வருவாங்க. நாளைக்கு மட்டும் சொன்ன மாதிரி சொல்லிடு."

* * *

ரோஸ்மில்க் கடையில் நின்றார்கள். எழில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஜஸீ, அந்தக் கதவுல இன்னா பாத்த?"

"தேக்கு. என் நிக்காவுக்கு அத்தா தரேன்னு சொன்ன கட்டில விட ஒசத்தி."

"பாப்பா, நீ?"

எழில் தலை குனிந்தாள். "எனக்கு அந்தச் சத்தம் கேட்டா..."

"போதும், அதுக்கு மேல போவாத. பழைய மாடி ரூம்ல அந்தச் சத்தம் என்னிக்காவது கேட்டுக்கீறியா?"

யோசித்தாள். அந்த அறைக் கதவு கடல் காற்றில் சதா ஆடும். அக்கா பழைய செருப்பு ஒன்றை அடியில் செருகி வைப்பாள். முழுசாகத் திறக்கவும் திறக்காது, சாத்தவும் சாத்தாது. பேச்சு வராத நாட்களில் எழில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தில் இருந்த சின்ன ஓட்டைகளுக்குள் பென்சில் முனையை விட்டு நோண்டிக்கொண்டிருப்பாள்.

"ஓட்ட," என்றாள் மெதுவாக. "சார், அது ஸ்க்ரூ ஓட்ட! தாப்பா இருந்த எடம்!"

"அதான் அந்த ஸ்க்ரூ டிரைவரு. எந்த ரூமுக்குப் போனாலும் அந்தம்மாவுக்கு மொத வேல உள்தாப்பாவக் கழட்டுறது. அந்தச் சத்தத்துல உங்க உசுரு எங்க போவுதுன்னு தெரிஞ்சவங்க. அவங்க ஒரு வருஷமா தெனமும் உக்காந்த ரூம்ல தாப்பா கண்ணாடி மாதிரி மின்னுதாம். கதவுல ஒரு ஓட்ட இல்ல, ஒரு கீறல் இல்ல."

"அப்போ அந்தம்மா அந்த ரூமுக்குள்ள காலே வெக்கல," என்றாள் ஜஸீமா. "பாதுகாப்பு பாதுகாப்புன்னு அந்தாளு காட்டுனதே அந்தாளு கழுத்துக்குக் கயிறா பூட்ச்சு."

"அங்க எந்தப் புள்ளயும் வந்ததில்ல. வந்துருந்தா மொத நாளே அந்தத் தாப்பா போயிருக்கும். பணம் வந்துகீது, பெயிண்ட் அடிச்சாச்சு, பொம்ம வாங்கியாச்சு. புள்ளைங்க மட்டும் டியூஷன்லேருந்து வாடகைக்கு." அவர் ஒரு கடலையை வாயில் போட்டார். "ஆனா அந்தம்மா எங்க? அதான் நமக்குத் தெரியல."

எழில் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண் முன்னால் ஒரு கூடை நின்றது. டிபன் டப்பாவுக்கு அடியில் துருப்பிடித்த நீள இரும்பு. அதன் முனையில் ஒரு குமிழ்.

"சார்," என்றாள். "எங்கம்மா கூடைல இருந்துச்சே... அது தாப்பா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் எழிலை ஏற்றிக்கொண்டு ஜஸீமாவின் ஸ்கூட்டரும், கூடவே வேதமாணிக்கத்தின் வண்டியும், அம்மா வேலை செய்யும் காத்திவாக்கத்தை நோக்கி எண்ணூர் பக்கம் பறந்தன.

கறுப்பு ஹெல்மெட் போட்ட ஒருவன் பின்னாலேயே வருவதை முதலில் கவனித்தவள் எழில்தான். மையத்து வாசலில் நின்ற அதே பைக். "அக்கா, பின்னால..."

"கண்ணாடில பாத்துட்டேன். என் அழகு அப்டி, பின்னால வரத்தான் செய்வானுங்க. இறுக்கிப் புடிச்சிக்கோ."

துறைமுகத்துக்குக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன. ஜஸீமா இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரைச் செருகினாள். அடுத்த வரிசை, அதற்கடுத்த சந்து. வேதமாணிக்கம் நின்று ஒரு டிரைவரிடம் என்னவோ சொல்ல, அந்த லாரி பெருமூச்சு விட்டு முன்னால் நகர்ந்து வழியை அடைத்துக்கொண்டது. கறுப்பு ஹெல்மெட் அந்தப் பக்கமே நின்றுபோனது. முப்பது வருஷம் லாரி நிறுத்திய ஆளுக்கு, ஒரு லாரியை நகர்த்தத் தெரியாதா?

* * *

காத்திவாக்கத்தில் இறால் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வலைக் கிடங்கு இருந்தது. அதன் வாசலில், கதவுக்கு முதுகைக் காட்டி, கவிழ்த்துப் போட்ட இறால் பெட்டி மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் சாய்ந்திருந்த துடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"யார்ரா அது? ஒரு அடி வெச்சீங்க, மண்ட பொளந்துரும்!"

"எம்மா எம்மா, துடுப்பக் கீழ வையி. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல," என்று ஜஸீமா கைகளைத் தூக்கினாள்.

எழில் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். "அம்மா?"

கன்னியம்மாவின் கையிலிருந்து துடுப்பு இறங்கியது.

அவளுக்குப் பின்னால் கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பழைய செருப்பு செருகியிருந்தது. மரத்தில், தாழ்ப்பாள் இருந்த இடத்தில், ஓட்டைகள் மட்டும். உள்ளே ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்க, எழிலுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் பதில் சொன்னது. பிறகு அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். தோளில் அதே பை.

"எழில்," என்றாள் யசோதரா.

எழில் நின்ற இடத்திலேயே நின்றாள். "எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்டித்தானே?"

"நான் சொல்றேன்டி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இரு கன்னியம்மா. என் தப்பு, நான்தான் சொல்லணும்," என்றாள் யசோதரா. "பசங்க அங்க வந்தாங்கன்னு கையெழுத்துப் போடச் சொன்னாரு. மாட்டேன்னேன். பழைய ரூமப் பூட்டிட்டாரு. திருட்டு கேஸ்ல உள்ள தள்ளுவேன், செவ்வாக்கெழம கோர்ட்டுக்கு எப்டிப் போறேன்னு பாக்கறேன்னாரு. அதுவரைக்கும் அவர் கண்ல படாம இருக்கணும்னு போன அணைச்சிட்டு இங்க வந்தேன். சின்னதுங்கள உட முடியல, அதான் இந்தக் கிடங்கு. உங்கம்மாதான் எடம் புடிச்சுக் குடுத்தாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அவரு நேரா உன்கிட்டதான் வந்து கேப்பாருன்னு தெரியும். நீ எனக்காகப் பொய் சொல்லியிருப்ப. கோர்ட்டுல உண்மையச் சொல்லப் போற புள்ளய, அதுக்கு முன்னாடி பொய் சொல்லப் பழக்க எனக்கு மனசு வரல." யசோதராவின் கண் கலங்கியது. "ஆனா ஒரு மாசம் நீ தனியா கெடந்த. அதுக்கு நான்தான் பொறுப்பு."

எழில் அம்மாவைப் பார்த்தாள். "நீ தெனம் லேட்டா வந்தது?"

"கதவுல தாப்பா இல்லையேடி," என்றாள் கன்னியம்மா, அது கூடவா தெரியாது என்கிற மாதிரி. "உள்ள புள்ளைங்க பேசிகினு இருக்கும்போது யாரும் வந்துரக் கூடாது. வெளிய ஒருத்தர் உக்காரணும்ல? மத்த அம்மாங்களும் வருவாங்க. முக்காவாசி நான்தான்."

எழிலுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவளைப் பற்றி என்னென்ன நினைத்தோம் என்பது ஒவ்வொன்றாக வந்து குத்தியது. போய் அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இறால் வாடை அடித்தது. நகரவில்லை.

வேதமாணிக்கத்தின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். "நமக்குக் காசு குடுத்த கோதண்டம் சாரு." எடுக்காமல் எழிலிடம் திரும்பினார். "பாப்பா, கண்டுபுட்சா உன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு கேட்ட. இப்ப சொல்றேன், கண்டுபுட்சாச்சு. அந்தாளுக்கு இன்னா சொல்றதுன்னு நீ சொல்லு."

"போலீசுக்குப் போலாமே நைனா," என்றாள் ஜஸீமா.

"வேணாங்க," என்று யசோதரா குறுக்கிட்டாள். "நாளைக்கு மையம் மோசடின்னு மட்டும் தெரிஞ்சா பணத்தையே நிறுத்திருவாங்க. அவரு போயிருவாரு, சரி. இந்தப் பசங்க எங்க போவாங்க? அதுக்குதான் நான் வாயத் தொறக்கல."

போன் நின்றது. மறுபடி அடித்தது. உள்ளே இருந்த சின்னவன் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். ஏழு வயசு இருக்கும். விரலெல்லாம் பச்சைக் கலர். செருப்பைத் தள்ளிக் கதவை அவனே கொஞ்சம் சாத்திப் பார்த்தான், பிறகு அவனே திறந்தான். சும்மா, தன்னால் முடியும் என்று பார்த்துக்கொள்கிற மாதிரி.

எழில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிருங்க சார். எடத்த மட்டும் சொல்லாதீங்க. அதிகாரிங்க வர்ற நேரத்துக்கு அக்கா அங்க வருவாங்கன்னு சொல்லுங்க. நானும் வரேன். மொதல்ல அந்தக் கதவக் காட்டுவேன். அப்புறம் இங்க கூட்டினு வந்து இந்தக் கதவக் காட்டுவேன். பணத்த நிறுத்தாதீங்க, ஆள மாத்துங்கன்னு சொல்லுவேன்."

ஜஸீமா விசிலடிக்க வாயைக் குவித்தாள். சின்னவனைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

வேதமாணிக்கம் போனை எடுத்தார். "சொல்லுங்க சார்... ஆமா, எண்ணூர் பக்கம்தான் வந்தோம். உங்க ஆளு லாரிக்குப் பின்னால பத்தரமா கீறாரு, கவலப்படாதீங்க... கண்டுபுட்சிட்டேன். எங்கயா? நாளைக்கு அதிகாரிங்க இருக்கறப்போ உங்க மையத்துக்கே வர்றாங்க. வாங்குன காசுக்கு வேல முடிஞ்சுது சார்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவரே வைத்துவிட்டார்.

"நாளைக்கு இன்னா சாட்சி எடுத்தாரணும்?" என்றாள் ஜஸீமா.

எழில் யசோதராவின் பைக்குள் கை விட்டாள். தண்ணீர் பாட்டில், கலர் பென்சில், பொரி பாக்கெட். அடியில் கிடந்ததை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இந்த தபா," என்றாள், "அந்தத் தாப்பாவ நான் கழட்டறேங்க்கா."